மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடம்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று ஒருவனைத் திட்டுவது நம் வழக்கம். என் முதுகலை ஆய்வில் உருப்படியான பாதி, மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி நின்றபோது கிடைத்ததுதான். மீதிப் பாதிக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லிவைத்தால், கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு இந்த மாதிரி ஊருக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு மூன்று மாதமாவது மிச்சமாகும்.

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் அரை மணி நேரம். சுற்றிலும் தோட்டங்கள். ரப்பர் நின்ற இடத்தில் இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. ஆனாலும் அங்கங்கே பால்மரம் இன்னும் நிற்கிறது, வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். என் அம்மா 28 வருடம் பால் வெட்டியவர். நான் பினாங்குக்குப் படிக்கப் போய், ஆய்வுக்கென்று ஊருக்கே திரும்பி வந்தேன். சொந்த ஊர்தானே, வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தது முதல் தப்பு. சொந்த ஊரில் கேள்வி கேட்பது அவர்கள், பதில் சொல்வது நாம்.

தலைப்பு சின்னதுதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மழைக்காலத்தில் பிள்ளைகளின் வருகை ஏன் குறைகிறது? 150 பேருக்குக் குறைவாகப் படிக்கும் பள்ளியை அரசாங்கம் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்தும். நான் போன பள்ளி அதைவிட மிகவும் சின்னது. அங்கே ஐந்து பிள்ளை வராவிட்டால் ஒரு வகுப்பே காலியான மாதிரி இருக்கும். மலாயாவில் தமிழ்க்கல்வி 1816-இல் பினாங்கில் தொடங்கியது என்றாலும், தோட்டத்துப் பள்ளிகளைப் பெருக வைத்தது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். இந்தப் பள்ளியும் அதன் பேரப்பிள்ளைதான். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலியாகி, சனங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன பிறகும் பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. பிள்ளைகள் வேனில் வந்து போகிறார்கள்.

அனுமதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குள் ஆய்வு செய்ய முதலில் கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவில் இணையம் வழி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு மாநிலக் கல்வி இலாகாவின் கடிதம், கடைசியாகத் தலைமையாசிரியரின் சம்மதம். தலைமையாசிரியர் தெரிந்தவர் என்பதால் நான் வாலைப் பிடித்துத் தலைக்குப் போகப் பார்த்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, "கடிதம் வரட்டும்மா" என்று அனுப்பிவிட்டார். முன்மொழிவு ஏற்கப்பட்ட அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். அதிலும் நீங்கள் அனுப்புகிற கேள்வித்தாளே இறுதி வடிவமாக இருக்கட்டும். பிறகு ஒரு கேள்வியை மாற்றினாலும் மறுபடி எழுத வேண்டிவரும்.

கடிதம் கைக்கு வந்தபோது அக்டோபர் 2022. அதே மாதம் நாடாளுமன்றம் கலைந்தது.

மற்ற ஊரில் தேர்தல் ஒரு செய்தி. சுங்கை சிப்புட்டில் அது குடும்ப விவகாரம். 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்து, 1960 வரை நீடித்தது. 1959-இலிருந்து 2008 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, இந்தத் தொகுதிக்கு இரண்டே உறுப்பினர்கள்: துன் சம்பந்தன், அவருக்குப் பிறகு சாமிவேலு. இருவருமே மஇகாவின், அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸின், தலைவராக இருந்தவர்கள். 2008-இல் சாமிவேலுவை வீழ்த்தியவர் டாக்டர் ஜெயக்குமார். அன்றைக்கு ராத்திரி யார் வீட்டில் பட்டாசு, யார் வீட்டில் விளக்கணைப்பு என்று இன்னமும் கணக்கு வைத்திருக்கிற ஆள்கள் இங்கே உண்டு. 2022 செப்டம்பரில் சாமிவேலு காலமானார். நான் கேள்வித்தாளோடு வீட்டு வாசலில் நின்றபோது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கையில் நீலக் கலர் பிளாஸ்டிக் கோப்பு வைத்திருந்தேன். முதல் வீட்டிலேயே, "ஒய்பி அனுப்புனாரா?" என்றார்கள். மக்கள் பிரதிநிதியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மஇகா இருக்கிற தேசிய முன்னணியின் நிறம் நீலம் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மறுநாள் வீட்டில் கிடந்த சிவப்புக் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். "ஓ, நீங்க அந்தப் பக்கமா?" என்று கேட்டு ஓர் அக்கா கதவைப் பாதி சாத்தினார். மூன்றாம் நாள் ஒளி ஊடுருவும் கோப்பு ஒன்றை ஒன்றரை வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். என் முழு ஆய்வுச் செலவில் அதுபோல் பயன்பட்ட காசு வேறில்லை. ஆனால் கோப்பு மட்டும் போதவில்லை. ஏழாவது கேள்வி குடும்ப வருமானம் பற்றியது. அதற்கு வந்துசேர்ந்ததும் எல்லார் முகத்திலும் ஒரே எதிர்பார்ப்பு: "உதவி எதாச்சும் வருதாம்மா?" வரவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியை எந்த மூஞ்சியோடு கேட்பது? பிரச்சாரம் தொடங்கிவிட்டால் கேள்வித்தாளை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். அந்தப் பதினைந்து நாளில் சேர்த்த பதில்களைக் கடைசியில் நான் பயன்படுத்தவே இல்லை.

மாமா ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "யூனிவர்சிட்டி புள்ள அரசியல் பேசாதே, தூக்கிருவான்" என்று எச்சரித்தார். அவர் மனதில் இருந்தது 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம். 2012-இல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்று திருத்தினார்கள், 2018-இல் வளாகத்துக்குள் அரசியல் கூடாதென்ற தடையையும் எடுத்தார்கள் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இருந்தாலும் பேசாதே" என்றார். சட்டம் மாறுகிற வேகத்தில் பயம் மாறுவதில்லை. ஆய்வு செய்கிறவர்கள் அந்தப் பயத்தையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளலாம். நான் குறிக்கவில்லை, சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வாக்களிப்பு நாள் நவம்பர் 19. பருவமழைக் காலத்தில் தேர்தலா என்று நாடு முழுக்கச் சண்டை. சரவாக்கின் பாராம் தொகுதியில் சில இடங்களில் வானிலையால் வாக்களிப்பையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. பேராக்கின் உள்பகுதியில் அக்டோபர், நவம்பர் மழை பெரும்பாலும் மாலை மழை. காலையில் வெயில் அடித்து நிலம் காய்ந்து, கடற்காற்று உள்ளே வந்து மலையில் முட்டி, மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். அம்மாவுக்கு இதை எந்த வானிலை நிலையமும் சொல்லித் தரவில்லை. காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்று, ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு ஒன்பதரைக்கு வீட்டில் இருந்தார். 18 வயதில் வாக்குரிமை என்ற புதுச் சட்டத்தின் புண்ணியத்தில் தம்பிக்கு அதுதான் முதல் வாக்கு. அந்தத் தம்பித்துரை சாவகாசமாக மூன்றரை மணிக்குப் போனார். விரலில் மையும், தலையிலிருந்து கால்வரை தண்ணீருமாகத் திரும்பி வந்தார்.

"எந்தக் கட்சிக்குப் போட்டேங்கிறது இருக்கட்டும். எத்தனை மணிக்குப் போட்டே?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியில் என் ஆய்வே இருந்தது. எனக்குத்தான் அது உறைக்க இன்னும் பல மாதம் ஆனது.

தேர்தல் முடிந்தது, கேள்வித்தாளை மறுபடி எடுத்தேன். முக்கியமான கேள்வி இது: மழை நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவீர்களா? எல்லாரும் ஆம் என்றே குறியிட்டார்கள். ஒருவர் விடாமல். பதிவேட்டைப் பார்த்தால் வராதவர் இருக்கிறார்கள். சனங்கள் பொய் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு நான் வந்தே விட்டேன். தோட்ட அலுவலகத்து எழுத்தரான கிராணியிடம் கெஞ்சி மழைப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி வாங்கினேன். மழைமானியில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் காலையில் அளந்து எழுதுகிற நீளப் புத்தகம் அது. பழைய பக்கங்களில் அங்குலம், புதியவற்றில் மில்லிமீட்டர். தோட்டத்தில் மழை என்றால் காசு. நனைந்த மரத்தில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டைப் பிடித்து மங்குக்கு, அதாவது பால் சேரும் கிண்ணத்துக்கு, வராமல் பட்டையெல்லாம் பரவி மண்ணுக்குப் போய்விடும். அதனால் மேலாளராக எந்தத் துரை வந்தாலும் போனாலும் அந்தப் புத்தகம் நிற்கவில்லை. மில்லிமீட்டரை ஒரு பக்கம், வருகையை ஒரு பக்கம் வைத்துக் கணினியில் ஓட்டினேன். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. அறுபது மில்லிமீட்டர் கொட்டிய நாளுக்கு மறுநாள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். மூன்று மில்லிமீட்டர் நாளில் ஐந்து பேர் இல்லை.

பேராசிரியரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், ஒரு மதியம் பள்ளித் தாழ்வாரத்தில் மழை விடக் காத்திருந்தேன். பிள்ளைகளை ஏற்றிப்போக மோட்டார் சைக்கிளில் வந்த நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். என் கையில் அன்றைக்குக் கோப்பு இல்லை, பேனாவும் இல்லை. ஓர் அக்கா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "என்ன தங்கச்சி, பரீட்சையில பெயிலா? மூஞ்சி அப்படி இருக்கு" என்றார். சொன்னேன். மழைப் புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன்.

"ராத்திரி பேஞ்சாலும் பகல்ல பேஞ்சாலும் உன் புக்குல ஒண்ணுதானே இருக்கும்? எங்களுக்கு அப்படியா?"

அப்புறம் அவர் விரல் விட்டு விளக்கினார். சாயங்காலம் பெய்தால் துணி காயாது, அவ்வளவுதான். விடிவதற்குள் மரம் காய்ந்துவிடும். விடியற்காலையில் ஊற்று ஊற்றென்று ஊற்றினால் பெரட்டிலேயே, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பிலேயே, இன்றைக்கு வெட்டு இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். அம்மா வீட்டில் இருப்பார், பிள்ளைகள் வேனில் போய்விடுவார்கள். சிக்கல் அந்த நடுவில் இருக்கிற மழைதான். நாலு மணிக்குத் தூறத் தொடங்கி ஆறரைக்கு விடும். மரம் காயட்டும் என்று காத்திருந்து ஒன்பது மணிக்குக் கத்தியை எடுப்பார்கள். வெட்டி முடித்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர மூன்றரை. பாலர் பள்ளிப் பிள்ளையோ 12 மணிக்கு வீட்டு வாசலில் நிற்கும். முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இருந்தது, போட்டுவிட்டுப் போகலாம். அது எப்போதோ மூடியாகிவிட்டது.

"அதனால பெரியவள அன்னிக்கு நிறுத்திக்குவோம். மழை பேயுற நாள்ல அனுப்புறோம் தங்கச்சி. மழை விட்ட நாள்லதான் அனுப்புறதில்ல."

யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் எல்லாரும் தந்திருந்தார்கள்.

மறுநாளே கிராணியிடம் ஓடினேன். மழைப் புத்தகத்தில் மணி இல்லை. ஆனால் ஆள் வருகையும் சம்பளமும் பதிகிற செக்ரோலில் இருந்தது: தாமதமாக வெட்டுக்குப் போன நாள்களில் ஓரத்தில் 'லேட்' என்று ஒரு சின்னக் குறிப்பு. அந்தத் தேதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், வராதவர் பெயர்கள் திரும்பத் திரும்ப அதே பெயர்கள். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகள். ஆயாக்கொட்டகை மூடியதும் அந்த வேலை மறையவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் இடுப்புக்கு மாறியிருக்கிறது.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு இரண்டு யோசனை. உங்கள் புள்ளிவிவரம் ஒத்துவரவில்லை என்றால் எத்தனை என்பதை விட்டுவிட்டு எப்போது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்புறம், அலுவலகம் தனக்காக எழுதிவைத்த ஓரக் குறிப்பைத் தேடுங்கள். சம்பளத்துக்காக எழுதிய எழுத்தில் யாரும் அழகுக்காக மாற்றி எழுதுவதில்லை.

இத்தனைக்கும் நடுவே ஹாக்கி வந்து சேர்ந்தது. பள்ளிக்கு இவ்வளவு தொந்தரவு கொடுக்கிறோமே, பதிலுக்கு என்ன செய்யட்டும் என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். "இடைநிலைப் பள்ளியில ஹாக்கி ஆடுனவதானே நீ?" என்று சாமான் அறையைத் திறந்துவிட்டார். மட்டை எட்டு. அதில் இரண்டு பிளந்தது, ஒன்றில் பிடிக்குச் சுற்றிய துணி மக்கிப் போயிருந்தது. வாரத்தில் இரண்டு நாள், மாலையில், பள்ளித் திடலில்.

திடல் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் மாடு மேயும். மழை பெய்தால் பந்து உருளாது, பொதுக்கென்று உட்காரும். இங்கே நான் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருக்க, ஈப்போ அஸ்லான் ஷா அரங்கில் ஆட்டத்துக்கு முன்னால் திடலுக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். செயற்கைத் தரை ஈரமாக இருந்தால்தான் பந்து சீராக ஓடும். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதல் தடவையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. அதற்கு முந்தின வருடம் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம், மெர்டேக்கா அரங்கத்துப் புல்லில். அரையிறுதியில் மலேசியா இந்தியாவை முந்திக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அஸ்லாம் ஷேர் கான் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் 3-2 என்று இந்தியா ஜெயித்தது. எதிர்வீட்டுத் தாத்தா அந்த ஆட்டத்தை வானொலியில் கேட்டவர். யாருக்கு ஆதரவு என்று கேட்டால் உடனே "மலேசியாவுக்குத்தான்" என்பார். கொஞ்சம் வேகமாகச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே இந்தியாவை அரையிறுதியில் பெனால்டியில் 7-6 என்று நாம் வீழ்த்தியபோது கோலில் நின்றவர் குமார் சுப்ரமணியம். அன்றைக்கு ஒட்டுக்கடையில் யார் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

புல்லில் ஆடும் காலம் இருந்தவரை தோட்டத்துத் திடலும் தேசிய அரங்கும் ஒரே மாதிரித் தரைதான். இப்போது எங்கள் பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குப் போய் முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் கால் வைத்தால், பந்து அவர்களைக் கடந்து போன பிறகுதான் மட்டை கீழே இறங்குகிறது. இதற்கு நான் கண்ட சின்ன வழி, பள்ளி மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் டென்னிஸ் பந்தை வைத்துப் பழக்குவது. ஓசை காதைக் கிழிக்கும், ஆனால் வேகம் கைக்கு வந்துவிடும்.

பிள்ளைகளில் ஒருத்தி இடதுகைப் பழக்கம். ஹாக்கியில் இடதுகை மட்டை கிடையாது. தட்டையான இடப்பக்கத்தால்தான் பந்தைத் தொட வேண்டும். பாவம், தடுமாறப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் மட்டையின் மேல்முனையைப் பிடித்துத் திருப்புகிற கை இடதுகைதானே. ஒரு மாதத்தில் பந்தைப் பின்பக்கமாகத் திருப்பி இழுப்பதில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஐந்தாம் ஆண்டு, வீட்டில் ஒரு பாலர் பள்ளித் தம்பி. அவள் பயிற்சிக்கு வராத நாளில், அன்று காலை மழை எத்தனை மணிக்கு விட்டிருக்கும் என்று எந்தப் புத்தகத்தையும் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும்.

அதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். நான் செய்யவில்லை, ஆசிரியைகள் செய்தார்கள். 'லேட்' நாளில் பாலர் பள்ளிச் சின்னவர்கள் பன்னிரண்டு மணிக்குப் பிறகு எங்கே உட்கார்ந்து படம் வரைகிறார்கள் என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத விஷயம். அதனால் ஆய்வேட்டிலும் இல்லை.

மாலைப் பயிற்சிக்கு ஒரே ஒரு கண்டிப்பான சட்டம் வைத்திருந்தேன். மின்னல் தெரிந்ததும் எண்ண வேண்டும். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை திடலில் கால் வைக்கக் கூடாது. மரத்தடியும் கூடாது. பிள்ளைகளுக்கு ஓடுவதில் பிரச்சினையே இல்லை, அரை மணி நேரம் உட்காருவதுதான் பிரச்சினை. நான் தாழ்வாரத்தில் அவர்களோடு உட்கார்ந்து என் கணக்குகளைச் சரிபார்ப்பேன்.

போன அக்டோபரில் ஆய்வேட்டைத் தைத்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஒரு பிரதி கொடுக்கப் போனேன். நாலு மணிக்கு வானம் கறுத்தது. இடதுகைக்காரி இப்போது ஆறாம் ஆண்டு. சின்னவர்களுக்கு அவள்தான் சட்டம் சொல்கிறாள். செம்பனைக்குப் பின்னால் வெளிச்சம் வெட்டியதும் எல்லாரும் ஒரே குரலில் எண்ணத் தொடங்கினார்கள். இருபத்திரண்டில் இடித்தது. மட்டைகள் சடசடவென்று விழுந்தன.

"டீச்சர், நீங்களும் வாங்க" என்று அவள் தாழ்வாரத்திலிருந்து கத்தினாள். "நாலு இருபத்தஞ்சு. எழுதிக்குங்க."